பிள்ளையின் கைபேசியில் கண்காணிப்புச் செயலி: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் வழிமுறை

"போட்ட அன்று எல்லாம் தெரிந்தது, இப்போது ஒன்றுமே தெரியவில்லை" என்பதுதான் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கண்காணிப்புச் செயலிகளைப் பற்றி அடிக்கடி சொல்லும் குறை. செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதற்கு முன், அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

இத்தகைய செயலிக்கு மூன்று பகுதிகள் உண்டு. பிள்ளையின் கைபேசியில் இருக்கும் பகுதி, எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது, கைபேசி எங்கே இருக்கிறது என்பன போன்ற விவரங்களைத் திரட்டுகிறது. திரட்டியவை இணையத்தின் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது அதன் மையக் கணினிக்கு, போகின்றன. பெற்றோரின் கைபேசியில் உள்ள பகுதி அந்தச் சர்வரில் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. "இரவு பத்து மணிக்குப் பூட்டு" என்று நாம் இடும் கட்டளையும் அதே பாதையில்தான் திரும்பிச் செல்கிறது. பிள்ளையின் கைபேசியில் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ எதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதோ அதற்கு மேல் ஒரு துளியும் செயலியால் அறிய முடியாது. ஆகவே பிழையைத் தேடும்போது முதலில் கணக்கு, அடுத்து அனுமதியும் பேட்டரிச் சிக்கனமும், கடைசியாக இணைய இணைப்பு என்ற வரிசையில் போவது நல்லது. பெரும்பாலோர் இணைப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

செயலியைப் போட்டும் பிள்ளையின் கைபேசியில் எந்தக் கட்டுப்பாடும் வரவில்லை

நம் வீடுகளில் பிள்ளைக்கென்று புதுக் கைபேசி வாங்குவது குறைவு. அப்பா புதியது வாங்கியதும் பழையது பிள்ளையின் கைக்கு வருகிறது. அப்பாவின் கூகுள் கணக்கும் அதிலேயே தங்கிவிடுகிறது. கூகுளே தரும் பெற்றோர் மேற்பார்வைச் செயலியான ஃபேமிலி லிங்க் மேற்பார்வை செய்வது பிள்ளையின் பெயரிலுள்ள கூகுள் கணக்கை. கைபேசியில் இருப்பது நாற்பது வயதுக்காரரின் கணக்கு என்றால், அதைப் பொறுத்தவரை அந்தக் கைபேசியில் பிள்ளையே இல்லை. பிளே ஸ்டோரில் எதைப் பதிவிறக்கினாலும் அனுமதி கேட்காததற்கும், யூடியூபில் பெரியவர்களுக்கான காணொளிகள் வருவதற்கும் இதுதான் காரணம்.

கைபேசியின் செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்" என்ற பகுதியைத் திறந்து எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். பெரியவர் கணக்கு ஒன்றிருந்தாலும், பிள்ளையின் கணக்கைப் பக்கத்தில் சேர்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். கைபேசியை முழுமையாக அழித்துப் புதிதாகத் தொடங்குவதே உறுதியான வழி. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. படங்களையும் தொடர்பு எண்களையும் முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் செயலிகளிலிருந்து வங்கிக் கணக்கை நீக்குங்கள். அப்பாவின் வங்கியோடு இணைந்த கைபேசி பிள்ளையின் கையில் இருப்பது, எந்தத் தகாத காணொளியை விடவும் விரைவாக வீட்டுக்கு இழப்பை உண்டாக்கும். பிறகு அப்பாவின் கூகுள் கணக்கைச் செட்டிங்ஸிலிருந்தே முறையாக நீக்கிவிட்டு, அதன்பின் "ஃபேக்டரி ரீசெட்" செய்யுங்கள். கணக்கை நீக்காமல் வேறு வழியில் அழித்தால், ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருந்துவரும் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அது நினைவில் இல்லாமல் கடை கடையாக அலைவோர் பலர். கடைசியாக, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துத் தொடங்கிய கணக்கால் கைபேசியைத் திறக்க வேண்டும்.

பிறந்த தேதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏதோ ஒரு விளையாட்டோ செயலியோ வயது கேட்டபோது 18-க்கு மேல் இருக்கும்படி ஓர் ஆண்டைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கணக்கு கூகுளின் பார்வையில் பெரியவருடையது. அதைக் குழந்தைக் கணக்கைப் போல மேற்பார்வையில் சேர்க்க முடியாது. கணக்கின் தனிப்பட்ட விவரங்களில் தேதியைத் திருத்திய பிறகே அடுத்த படிக்குச் செல்ல முடியும்.

குடும்பக் குழுவில் சேர முடியவில்லை என்கிறது

மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் போன்ற ஊர்களில் இந்த அறிகுறி மிகுதி. அப்பா துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார். பிள்ளை இங்கே அம்மாவோடும் ஆச்சியோடும் வளர்கிறது. வீட்டாரின் கூகுள் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் குடும்பக் குழுவை அப்பா அங்கிருந்தபடியே தொடங்கி, பிள்ளையைச் சேர்க்கப் பார்க்கிறார், சேரவில்லை. கூகுளின் குடும்பக் குழுவில் உள்ள எல்லாரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவின் பிளே ஸ்டோர் அமீரகத்துக்கு மாறியிருந்தால், இந்தியாவில் இருக்கும் பிள்ளையின் கணக்கு அதில் சேராது.

இங்கே இருக்கும் அம்மாவின் கணக்கிலேயே குழுவைத் தொடங்குங்கள். அப்பாவின் கணக்கு இன்னும் இந்தியாவில் பதிவாகியிருந்தால் அவரையும் அந்தக் குழுவில் சேர்த்துப் பெற்றோர் என்னும் நிலையைக் கொடுக்கலாம்; குழுவின் மேலாளரையும் சேர்த்து மொத்தம் ஆறு பேருக்கு இடமுண்டு. அப்பாவின் கணக்கு மாறிவிட்டதென்றால் மேற்பார்வை அம்மாவிடமே இருக்கட்டும். என் கருத்தில் அதுதான் பொருத்தமும்கூட. பக்கத்தில் இருந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவரிடம் பூட்டும் திறப்பும் இருந்தால், தேவையற்ற பூட்டல்கள் குறைகின்றன. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருப்பதையும் தொலைவிலிருந்து நேரம் குறிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்: அங்கே இரவு எட்டரை ஆகும்போது இங்கே பத்து ஆகிவிடுகிறது.

சில நாள் வேலை செய்தது, பிறகு அறிக்கை வரவே இல்லை

இதுவே எல்லாக் குறைகளிலும் பெரியது. கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆண்ட்ராய்டோடு ஒட்டி இயங்குவதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. வெளி நிறுவனங்களின் செயலிகளுக்கு அநேகமாக எப்போதும் வரும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசியில் பின்னணியில் ஓடும் செயலிகளை ஆண்ட்ராய்டு தூங்க வைக்கிறது. அதற்கு மேல், நம் ஊரில் மிகுதியாக விற்பனையாகும் ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி கைபேசிகளில் நிறுவனமே சேர்த்த பேட்டரிச் சிக்கன ஏற்பாடுகள் இன்னும் கடுமையானவை. பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக, பயனர் தொடாத செயலியை அவை நிறுத்திவிடுகின்றன. கண்காணிப்புச் செயலியைப் பிள்ளை ஒருபோதும் திறப்பதில்லை அல்லவா? ஆகவே முதலில் நிறுத்தப்படுவது அதுதான்.

பிள்ளையின் கைபேசியில் செய்ய வேண்டியவை இவை. செட்டிங்ஸில் "ஆப்ஸ்" பகுதிக்குச் சென்று, கண்காணிப்புச் செயலியைத் தேர்ந்து, "பேட்டரி" என்பதில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" அல்லது "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று வையுங்கள். ஷாவ்மியில் "ஆட்டோஸ்டார்ட்" என்ற தனி அனுமதி இருக்கிறது. ஒப்போ, ரியல்மியில் அது "ஆட்டோ லாஞ்ச்" என்ற பெயரில் இருக்கும். இது மூடியிருந்தால் கைபேசியை அணைத்துப் போட்டதும் செயலி எழுவதே இல்லை. சாம்சங்கில் "ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியலில் செயலியின் பெயர் இருந்தால் நீக்கிவிட்டு, ஒருபோதும் தூங்கவிடக் கூடாத செயலிகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கைபேசியில் கிளீனர், பூஸ்டர் என்ற பெயர்களில் ஏதேனும் செயலி இருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றால் கைபேசிக்கு நன்மை எதுவும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றுபோனால் அனுமதிகளைப் பாருங்கள். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று கணக்கிட "யூசேஜ் ஆக்சஸ்" வேண்டும். திரையை மறித்துப் பூட்டுவதற்கு "டிஸ்பிளே ஓவர் அதர் ஆப்ஸ்" வேண்டும். பல செயலிகள் "ஆக்சஸிபிலிட்டி" என்ற அனுமதியையும் கேட்கும். அது பார்வைக் குறைபாடு முதலியவை உள்ளவர்களுக்காக ஏற்பட்ட வசதி, திரையில் இருப்பதைப் படிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. யாராவது "ஃபோர்ஸ் ஸ்டாப்" என்பதை அழுத்தினால் ஆக்சஸிபிலிட்டி அணைந்துபோகும். செயலியை ஒருவர் கையால் திறக்கும் வரையில் அது மீண்டும் ஓடாது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் அறிக்கை நின்றால் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், நெடுநாள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைக் கைபேசியே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. செயலியின் பக்கத்தின் அடியில் அதற்கான பொத்தான் இருக்கும், அதை அணைத்து வையுங்கள்.

இருப்பிடம் பழைய இடத்தையே காட்டுகிறது

பிள்ளை டியூஷனிலிருந்து வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருக்க, வரைபடம் இன்னும் சந்திப்பு ரயில் நிலையத்தைக் காட்டுகிறது. இதைப் பார்த்துப் பதறுவதற்கு முன், அந்தப் புள்ளியின் கீழே சிறிய எழுத்தில் எத்தனை நிமிடத்துக்கு முந்தைய இடம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கைபேசி அணைந்தாலோ இணையம் இல்லாமல் போனாலோ செயலியிடம் இருப்பது கடைசியாக வந்து சேர்ந்த இடம்தான்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க் காட்டில் தங்குகிறவர்களுக்கு இது புரியும். பாபநாசத்தைத் தாண்டி மலையேறியதும் அலைவரிசை மங்குகிறது. பெரியப்பாவோடு முன்னால் போன பிள்ளையின் புள்ளி பாபநாசத்திலேயே நிற்கும். செயலியில் பிழை ஏதும் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கைபேசி அங்கேயும் அறிந்துகொள்கிறது. அதை அனுப்புவதற்குத்தான் இணையம் இல்லை. மாஞ்சோலைப் பக்கமும் முண்டந்துறைக் காட்டுப் பகுதிகளிலும் இப்படித்தான். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின் நாளில் காரணம் வேறு: ரத வீதிகளில் கூடும் கூட்டத்தில் கைபேசிக் கோபுரங்களுக்குச் சுமை தாங்காமல் இணையம் தவங்கும், புள்ளி தாமதமாக நகரும். அத்தகைய நாள்களில் வரைபடத்தை நம்பிப் பிள்ளையைத் தனியே விடுவது கூடாது; எந்த இடத்தில் சேர்ந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதே பாதுகாப்பு.

சமவெளியில், நல்ல அலைவரிசை இருக்கும் இடத்திலும் பழைய இடமே வந்தால் அது அமைப்பின் குறை. ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னணியில் இருப்பிடம் அறிய "அலவ் ஆல் த டைம்" என்ற அனுமதி தனியாக வேண்டும். நிறுவும்போது "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதை அழுத்தியிருந்தால், செயலி திறந்திருக்கும்போதுதான் இடம் தெரியும். ஆண்ட்ராய்டு 12-இல் துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இன்னொரு தேர்வும் வந்தது; தோராயம் தேர்ந்திருந்தால் பெருமாள்புரத்தில் இருக்கும் பிள்ளையை வேறோர் பகுதியில் காட்டக்கூடும். "பேட்டரி சேவர்" ஓடிக்கொண்டிருந்தால், திரை அணைந்திருக்கும்போது இருப்பிடம் நின்றுவிடலாம். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாது. அப்போது வைஃபையையும் கோபுரத்தையும் கொண்டு மதிப்பிடுவதால் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் தோன்றும். அந்த வட்டத்துக்குள் எங்கேயும் பிள்ளை இருக்கலாம் என்பதே அதன் பொருள். வட்டத்தின் நடுவில் ஒரு சினிமாத் தியேட்டர் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நேரம் முடிந்தும் விளையாட்டும் யூடியூபும் ஓடுகின்றன

முதலில், பிள்ளையிடம் எத்தனைக் கருவிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஃபேமிலி லிங்கில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால், அது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இரண்டு மணி. கைபேசியும் டேப்லெட்டும் இருந்தால் நான்கு மணி ஆகிவிடும். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அப்பாவின் கணக்கில் ஓடும் யூடியூப் எந்தக் கணக்கிலும் சேராது.

அடுத்து, யூடியூப் செயலியை மட்டும் தடுத்திருந்தால் அதே காணொளி குரோமில் திறக்கும். சில கைபேசிகளில் ஒரே செயலியின் இரண்டு பிரதிகளை வைக்கும் வசதியும், "செகண்ட் ஸ்பேஸ்" என்ற மறைவிடமும், விருந்தினர் பயனர் வசதியும் இருக்கின்றன. கண்காணிப்பு முதல் இடத்தில் மட்டும் நடக்கும்போது விளையாட்டு இரண்டாம் இடத்தில் நடக்கும். இவற்றைச் செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். கைபேசியின் கடிகாரத்தையே நம்பும் செயலிகளில், தேதியைப் பின்னால் தள்ளினால் நேரம் மறுபடி கிடைத்துவிடும். தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்து, செட்டிங்ஸைத் திறக்கவே பெற்றோரின் கடவு எண் கேட்கும்படி செய்யலாம். பெரும்பாலான நல்ல செயலிகளில் அந்த வசதி உண்டு.

தளங்களை வடிகட்டும் செயலிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவற்றில் பல, கைபேசிக்குள்ளேயே இணையப் போக்குவரத்து முழுவதையும் தன் வழியே திருப்பிவிடும் ஒரு விபிஎன் அமைத்து, போகும் வரும் இணைய முகவரிகளைச் சோதிக்கின்றன. ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு விபிஎன்னைத்தான் அனுமதிக்கும். ஆகவே பிள்ளை இலவச விபிஎன் ஒன்றைத் தொடங்கினால் வடிகட்டி அந்த நொடியே விலகிவிடும். மேலே திரையோரத்தில் சாவிச் சின்னம் இருக்கும், ஆனால் அது வேறொருவரின் சாவி. விபிஎன் செட்டிங்ஸில் நம் செயலியை "ஆல்வேஸ் ஆன்" என்று வைத்து, மற்ற விபிஎன் செயலிகளைப் பிளே ஸ்டோரிலேயே தடுத்துவிடுங்கள். வீட்டு வைஃபைக்கு மட்டும் வடிகட்டி போதும் என்றால், ரௌட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 என்பதைக் கொடுப்பது எளிது. தீங்கான தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அது திருப்பிவிடும். கைபேசி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் அந்தக் காவல் இல்லை என்பதையும், குரோமில் "செக்யூர் டிஎன்எஸ்" வேறு நிறுவனத்தைக் காட்டினால் அதுவும் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் தெரியவில்லை

இது பிழை ஆகாது. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புவோரின் கைபேசியிலேயே மறையாக்கப்பட்டுப் பெறுவோரின் கைபேசியில்தான் திறக்கின்றன. இடையில் எந்தச் சர்வரிலிருந்தும் எடுத்துக் காட்ட வழியில்லை. ஃபேமிலி லிங்கோ எந்தச் செய்தியையும் அழைப்பையும் காட்டுவதில்லை, அதன் வேலை அதுவன்று. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் படிக்கும் உரிமையை 2019-இல் கூகுள் பிளே மிகச் சில வகைச் செயலிகளுக்கென்று சுருக்கிவிட்டது. "முன்பு எஸ்எம்எஸ் தெரிந்ததே, இப்போது ஏன் இல்லை" என்பதற்கு விடை அதுதான்.

வாட்ஸ்அப்பையும் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகள், வரும் அறிவிப்புகளைப் படிக்கின்றன, அல்லது ஆக்சஸிபிலிட்டி மூலம் திரையில் உள்ளதைப் படிக்கின்றன. பிள்ளைக்கு வந்த செய்தி மட்டுமன்றி, அத்தையோ சித்தியோ அனுப்பிய குடும்ப விஷயமும், பிள்ளையின் தோழி நம்பிச் சொன்ன துயரமும் எங்கோ உள்ள சர்வரில் போய்ச் சேர்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பே தேவையில்லை. வாட்ஸ்அப் தானே குறைந்த வயதை 13 என்று வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில், தெரியாத எண்களிலிருந்து யாரும் குழுவில் சேர்க்க முடியாதபடி தனியுரிமை அமைப்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பது, செய்திகளை ஒளிந்து படிப்பதைவிடப் பயன் தருகிறது.

பிளே புரொடெக்ட் எச்சரிக்கிறது, அல்லது கைபேசி சூடாகி மெதுவாகிவிட்டது

பிளே புரொடெக்ட் என்பது தீங்கான செயலிகளைக் கண்டறியக் கைபேசியிலேயே இருக்கும் கூகுளின் காவல். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தீர்களா, யாராவது அனுப்பிய இணைப்பிலிருந்தா? இரண்டாவது என்றால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் செயலிகளைப் பிளே ஸ்டோர் ஏற்பதில்லை. பெற்றோர் மேற்பார்வைக்கென வரும் செயலியும் தான் கண்காணிப்பதை மறைக்கக் கூடாது, எப்போதும் ஓர் அறிவிப்பைத் திரையில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. அறிவிப்புப் பட்டையில் சின்னம் போகவே மாட்டேன் என்கிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே பதில். மறைந்திருக்க விரும்பும் செயலிகள் வெளித் தளங்களிலிருந்து நிறுவப்படுகின்றன. அவை முதலில் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும், பிறகு ஆக்சஸிபிலிட்டி கேட்கும். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவியவற்றுக்கு ஆக்சஸிபிலிட்டி கொடுக்கப் போனால் "ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்" என்று மறுக்கும். அந்த மறுப்பைக் கடக்கும் வழியைச் சொல்லித் தரும்படி கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கடக்க வேண்டாம் என்பதே. பிளே புரொடெக்ட் அணைந்த கைபேசியில் கண்காணிப்புச் செயலி நுழைந்த வாசலிலேயே வங்கிப் பணத்தைத் திருடும் செயலியும் நுழையும்.

இத்தகைய நிறுவனங்கள் திரட்டியவற்றைக் காத்து வைப்பதும் இல்லை. ஸ்பைஃபோன் என்ற செயலியை விற்ற நிறுவனம் கண்காணிப்புத் தொழிலே நடத்தக் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021 செப்டம்பரில் தடை விதித்தது. மறைவாகத் திரட்டிய தகவல்களை அழிக்கவும் உத்தரவிட்டது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. யாருடையது, எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிறுவனத்திடம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: செட்டிங்ஸில் "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்" பட்டியலில் அந்தச் செயலியின் குறியை எடுத்துவிட்டு, ஆக்சஸிபிலிட்டியையும் அணைத்து, அதன்பின் செயலியை நீக்குங்கள். முதல் இரண்டையும் செய்யாமல் நீக்கப் பார்த்தால் நீங்காது. பிளே புரொடெக்டை மறுபடி இயக்கி ஒருமுறை சோதிக்கச் செய்யுங்கள். சூடு தணியவில்லை என்றால் கைபேசியை அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். மனைவியின் கைபேசியிலோ கல்லூரிக்குப் போகும் வயதுவந்த மகளின் கைபேசியிலோ இதைப் போட்டுத் தரக் கேட்பவர்களும் உண்டு. அது பெற்றோர் மேற்பார்வை ஆகாது, அதற்கு இங்கே வழிகாட்டப் போவதில்லை.

கைபேசி பூட்டிக்கொண்டது, திறக்கவில்லை

"ஏய்யா, இவன் அப்பன் துபாய்ல இருந்து எதையோ போட்டு வச்சிருக்கான், செல்லு தொறக்கவே மாட்டேங்கு" என்று ஆச்சிமார் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருவது இதற்காகத்தான். ஃபேமிலி லிங்கில் பூட்டிய கைபேசியைத் திறக்க, பெற்றோரின் செயலியில் ஒரு கடவு எண் கிடைக்கும். பிள்ளையின் கைபேசியில் இணையமே இல்லாவிட்டாலும் அந்த எண் செல்லும். ஏனெனில் இரண்டு கைபேசிகளும் கடிகாரத்தைக் கொண்டு அதைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. எண் தவறு என்று வந்தால், இரண்டிலும் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் அவ்வப்போது மாறும். காலையில் எழுதி வைத்ததை மாலையில் பயன்படுத்த முடியாது. பூட்டிய நிலையிலும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர எண்ணை அழைக்கலாம். இதை ஆச்சிக்கும் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஐஃபோனில் வரம்பை மீறித் திறக்கிறது

ஐஃபோனில் இதற்குரியது 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்த "ஸ்கிரீன் டைம்". வரம்பு முடிந்ததும் திரையில் "இக்னோர் லிமிட்" என்று வந்து பிள்ளை அதை அழுத்திக் கடந்துவிட்டால், இரண்டைப் பாருங்கள்: ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவு எண் இருக்கிறதா, அந்த வரம்பில் "பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்" இயங்குகிறதா. கைபேசியைத் திறக்கும் எண்ணையே இதற்கும் வைத்தால் பயனில்லை. வெளி நிறுவனச் செயலிகள் ஆண்ட்ராய்டில் காட்டுவதையெல்லாம் ஐஃபோனில் காட்டா; ஆப்பிள் அந்த வாசல்களைத் திறப்பதே இல்லை.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் பிள்ளையை யாரோ மிரட்டுவது தெரியவந்தது

இந்த நிலையில் செயலியின் அமைப்பு எதையும் மாற்றாதீர்கள். அந்தச் செய்திகளை அழிக்கவோ, அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பவோ, அந்த எண்ணை உடனே தடுக்கவோ வேண்டாம். எண், பயனர் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் கைபேசியைப் பறிக்காமல், இது உன் தவறில்லை என்று முதலில் சொல்லுங்கள். திட்டு விழும் என்ற பயத்தினால்தான் பிள்ளைகள் மிரட்டுகிறவனுக்கு மேலும் மேலும் பணிகிறார்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தொடக்க மணிநேரங்களில் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு கூடுதல். படங்களைக் கேட்டோ காட்டியோ மிரட்டினால், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கென்று இருக்கும் பிரிவில் புகார் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. நேரில் செல்வதாக இருந்தால் மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்குச் செல்லுங்கள், பிள்ளையின் கைபேசியை அழிக்காமல், சார்ஜ் போட்டு, அப்படியே கையோடு கொண்டு செல்லுங்கள்.